பாவித்த ஸ்டெடிகாம் தொகுதி ஒரு பக்கமாக இழுக்கிறது: பிழை கருவியிலா, என்னிலா?

மரைன்_டிரைவ் கேட்டது:

வணக்கம். நான் வெள்ளவத்தையில் வசிப்பவன். ஆறு வருடங்களாகத் திருமண வீடியோ வேலையும், வாய்ப்புக் கிடைக்கும்போது குறும்பட ஒளிப்பதிவும் செய்து வருகிறேன். தொழிலை விட்டு வெளிநாடு சென்ற ஒருவரிடமிருந்து உடலில் அணியும் வெஸ்ட், ஸ்பிரிங் வைத்த இரட்டைக் கை, கிம்பலுடன் (தண்டை எத்திசையிலும் தடையின்றித் திரும்பவிடும் மூட்டு) கூடிய கார்பன் தண்டு, கீழ்ப்பக்க மொனிற்றர், பற்றரித் தட்டு ஆகியவை அடங்கிய, நடந்தபடி எடுத்தாலும் படம் குலுங்காமல் கமராவைத் தாங்கும் ஸ்டெடிகாம் தொகுதியொன்றைப் பாவித்த நிலையில் வாங்கி மூன்று மாதங்களாகின்றன. கமராவும் லென்ஸும் ஃபோகஸ் மோட்டரும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து கிலோ வரும்.

என் முதலாவது சிக்கல், வெஸ்டை அணிந்து அசையாமல் நின்று இரு கைகளையும் எடுத்தவுடன் கருவி தானாகவே முன்னாலும் இடப்பக்கமாகவும் நகர்ந்து போய்விடுகிறது. இரண்டாவது, நிற்கும்போது தண்டு நேராகவே இருந்தாலும் சற்று வேகமாகப் பக்கவாட்டில் திருப்பினால் அடிவானக்கோடு சாய்ந்துவிடுகிறது. மூன்றாவதாக, சென்ற வாரம் பம்பலப்பிட்டியில் ஒரு மாடிவீட்டினுள் மெல்லிய குரலில் பேசும் காட்சியொன்றை எடுத்துக்கொண்டிருந்தபோது கருவியின் கையிலிருந்து கிறீச்சென்ற சத்தம் வருவதாகச் சொல்லி ஒலிப்பதிவாளர் மூன்று தடவை நிறுத்திவிட்டார். இருபது நிமிடம் அணிந்தால் தோளும் நாரியும் எரிவது தனிக்கதை.

வீடு கடற்கரையிலிருந்து நூறு யார் தூரத்தில் இருப்பதால் உப்புக்காற்று பெயாரிங்குகளைத் தின்றிருக்கும் என்றும், துருநீக்கி எண்ணெயை கிம்பலுக்குள் விசிறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் ஒரு நண்பர் சொல்கிறார். செய்யலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஒலிப்பெட்டி எழுதியது:

துருநீக்கி எண்ணெய் விசிறுவதைத் தயவுசெய்து கைவிடுங்கள். அந்த வகை எண்ணெய் பெயாரிங்கினுள் ஏற்கெனவே இருக்கும் மசகைக் கரைத்து வெளியேற்றிவிட்டு, தூசியும் மணலும் ஒட்டக்கூடிய ஒரு படலத்தை மாத்திரம் விட்டுச்செல்லும். இரண்டு நாட்களுக்கு வெண்ணெய் போலச் சுழலும், பிறகு முன்னையதிலும் மோசமாகும்.

நானும் ஒலிப்பதிவாளன்தான் (அந்தப் பம்பலப்பிட்டிப் படப்பிடிப்பில் இருந்தவன் அல்லன்). சத்தம் கையிலிருந்துதான் வருகிறது என்று எப்படி உறுதிப்படுத்தினீர்கள்? நான் கேட்ட கிறீச் சத்தங்களில் பாதிக்கு மேல் வெஸ்டின் பிளாஸ்டிக் கொக்கிகளிலிருந்தும், வியர்வையில் ஊறிக் காய்ந்த பட்டிகளிலிருந்தும் வந்தவையே. நீங்கள் அணிந்துகொண்டு கையை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். இன்னொருவர் ஒலிவாங்கியை முழங்கை மூட்டுக்கும் மார்புத் தகட்டுக்கும் கொக்கிகளுக்கும் மாறிமாறிப் பிடித்து, காதுக்கருவி அணிந்து கேட்கட்டும். ஐந்து நிமிடத்தில் இடம் தெரிந்துவிடும்.


கொட்டாஞ்சேனைக்_கிழவன் எழுதியது:

தம்பி, முதலில் ஒரு சிறு திருத்தம். வேலைக்குத் தேவையில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்டெடிகாம் என்பது வணிகப் பெயர். 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்கரான கரெட் பிரவுன் உருவாக்கிய கருவிக்குரிய அந்தப் பெயர் 2000ஆம் ஆண்டு தொடக்கம் டிஃபன் நிறுவனத்திடம் இருக்கிறது. எந்தப் பால்மாவையும் நாம் அங்கர் என்று கேட்டு வாங்குவது போல, உடலில் அணியும் எந்த நிலைப்படுத்தியையும் அப்படியே அழைத்துப் பழகிவிட்டோம். உங்களுடையது யார் தயாரித்தது என்பதை அடுத்த முறை எழுதுங்கள். உதிரிப்பாகம் தேடும்போது அது முக்கியமாகும்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகள் அல்ல. அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் நல்ல பெயாரிங்கைக் கழற்றி நாசமாக்கிவிடுவீர்கள். கருவியைச் சந்தேகிப்பதற்கு முன் சமநிலையைச் சந்தேகியுங்கள். அதற்கும் முன் உங்கள் நிற்கும் விதத்தைச் சந்தேகியுங்கள்.

கைகளை எடுத்தவுடன் கருவி ஓடிப்போவதற்குக் கிம்பலுடன் எந்தத் தொடர்பும் இல்லை. மார்புத் தகட்டில் கை பொருந்தும் இடத்தில் இருக்கும் திருகுகள்தான் கை எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒரு திருகு அல்லது திருகுச் சோடி முன்பின் சாய்வுக்கும், மற்றையது பக்கவாட்டுச் சாய்வுக்கும் உரியது. முன்னைய உரிமையாளர் தம் உடலுக்கும் தம் நிலைக்கும் ஏற்றவாறு அவற்றை வைத்திருப்பார். அவருடைய செருப்பை நீங்கள் போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள். ஆனால் உடனே திருகைத் தொடவேண்டாம். நிமிர்ந்து, முழங்காலை இறுக்காமல், பாரத்துக்கு எதிர்ப்பக்கமாக மிகச் சிறிதளவு பின்சாய்ந்து நின்று, கருவியை உடலுக்கு எவ்வளவு அருகில் வைத்திருக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைத்துப் பாருங்கள். ஒரு கை நீட்டு தூரத்தில் வைத்துக்கொண்டு நாரி எரிகிறது என்று முறையிடுவதில் பயனில்லை. அப்படியும் ஓடினால், உதவியாளர் ஒருவர் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்க, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேற்படாமல் திருகி, மீண்டும் நின்று பாருங்கள். கையின் இரண்டு பகுதிகளும் ஒரே கோணத்தில், ஏறத்தாழக் கிடையாக நிற்கின்றனவா என்பதையும் பாருங்கள். முன்பகுதி தொங்கிப் பின்பகுதி ஏறி நின்றால் ஸ்பிரிங் இழுவிசை உங்கள் ஐந்து கிலோ கமராவுக்கு ஏற்றதாக இல்லை என்று அர்த்தம்.

அடிவானம் சாய்வது வேறு விடயம். செட்டியார் தெரு நகைக்கடைத் தராசில் இரு தட்டுகளும் சமமானால் வேலை முடிந்தது. அந்தத் தராசை யாரும் சுழற்றுவதில்லை. உங்கள் கருவியோ சுழல்வது. மேலே கமரா, கீழே முன்பக்கம் மொனிற்றர், அதற்கும் தாழப் பின்பக்கம் பற்றரி என மூன்று பாரங்கள் வெவ்வேறு உயரங்களில் இருக்கின்றன. நிற்கும்போது அவை ஒன்றையொன்று சமப்படுத்தினாலும், சுழலும்போது ஒவ்வொன்றும் வெளிநோக்கி இழுக்கும் இழுவை வெவ்வேறு உயரத்தில் செயற்படுவதால் தண்டு சாய்கிறது. இதனால்தான் கமராவின் பாரமையத்தைத் தண்டுக்கு நேர்மேலே வைக்காமல், பற்றரிப் பக்கமாக அரை அங்குலம் தொடக்கம் ஒரு அங்குலம் வரை பின்தள்ளி வைக்கிறோம். கருவியை நிறுத்தத்தில் (ஸ்டாண்டில்) மாட்டி, நிலைச் சமநிலையை, அதாவது சுழற்றாதபோது தண்டு நேராக நிற்பதைச் சரிசெய்து, ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடி என்ற அளவில் சீராகச் சுழற்றுங்கள். தண்டு தள்ளாடினால் பற்றரியைக் கால் அங்குலம் உள்ளேயோ வெளியேயோ நகர்த்தி, கமராவை முன்பின் நகர்த்தி நிலைச் சமநிலையை மீட்டு, மறுபடி சுழற்றுங்கள். முதல் தடவை ஒரு மணித்தியாலம் போகும். சரியான இடம் கிடைத்ததும் தட்டுகளில் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். அடுத்த முறை பத்து நிமிடம்.

இதற்கு முன்னர் விழும் நேரத்தையும் பாருங்கள். தண்டைக் கிடையாகப் பிடித்து விட்டால், அது செங்குத்து நிலையைக் கடக்க இரண்டு தொடக்கம் மூன்று விநாடி எடுக்க வேண்டும். ஒரு விநாடியில் விழுந்தால் அடிப்பாரம் அதிகம். ஒவ்வொரு தடவை நீங்கள் நடக்கத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் கருவி மணிக்கூண்டு ஊசல் போல ஆடும். கிம்பலைத் தண்டில் சற்றுக் கீழே இறக்கினால் நேரம் கூடும், கமராப் பக்கமாக ஏற்றினால் குறையும்.

கிம்பலையும் சோதிக்காமல் விட வேண்டியதில்லை. சமநிலைப்படுத்திய கருவியை நிறுத்தத்தில் தொங்கவிட்டு, கைப்பிடி அசையாதிருக்கத் தண்டை மாத்திரம் மிக மெதுவாகத் தொண்ணூறு பாகை வீதம் திருப்புங்கள். எந்தத் திசையிலும் தண்டு செங்குத்தாகவே நின்றால் கிம்பலின் மையம் சரி. ஒரு திசையில் நேராகவும் அதற்கெதிர்த் திசையில் சாய்ந்தும் நின்றால், மையம் விலகியிருக்கிறது.

தோள்வலியைப் பற்றி: காவடி எடுத்துப் பழகியவர்களைக் கேட்டால் பாரம் எங்கே இறங்க வேண்டும் என்பதைச் சொல்வார்கள். இடுப்புப் பட்டி இடுப்பெலும்பின் மேல் இறுக்கமாக அமர்ந்து பாரத்தை அங்கே வாங்க வேண்டும். தோள் பட்டியின் கீழ் ஒரு விரல் தாராளமாகப் போய்வர வேண்டும். நம்மில் பலர் வயிறு அழுந்துகிறது என்று இடுப்பைத் தளர்த்தித் தோளை இறுக்குகிறோம், நேர்மாறாக. தண்டைப் பிடிக்கும் கையும் அப்படியே. மூன்று விரல்களால் திருநீறு எடுக்கும் அளவு அழுத்தம் போதும். அதற்கு மேல் பிடித்தால் உங்கள் மூச்சும் இதயத்துடிப்பும் படத்தில் தெரியும்.


இரண்டாம்_உதவி எழுதியது:

ஐயா சொன்னவற்றுடன் முழுமையாக உடன்படுகிறேன். கமரா உதவியாளராக வேலை செய்பவள் என்ற முறையில் ஒன்றிரண்டு சேர்க்கிறேன்.

சமநிலைப்படுத்தும்போது கமராவில் இருந்த எல்லாமே எடுக்கும்போதும் இருக்க வேண்டும். மெமரி கார்ட், வடிகட்டி, லென்ஸ் மூடியை எடுத்த நிலை, வயர்லெஸ் வீடியோ அனுப்பி எல்லாம் இதில் அடக்கம். ஸூம் செய்யும்போது முன்பக்கம் நீளும் லென்ஸைப் பாவித்தால் ஒவ்வொரு ஸூமுக்கும் சமநிலை மாறும். இயன்றவரை நீளம் மாறாத லென்ஸைப் பாவியுங்கள். தடித்த கேபிள் ஒன்று தண்டின் மேற்பாதியிலிருந்து கீழ்ப்பாதிக்கு வெளியால் போனால், அது கிம்பலுக்கு ஒரு ஸ்பிரிங் போலவே செயற்படும். அண்ணா, உங்கள் கருவி ஒரே பக்கம் இழுப்பதற்கு ஐயா சொன்ன திருகுகளுக்கு அப்பால் இப்படியொரு கேபிளும் காரணமாகலாம், பாருங்கள்.

காலி முகத்திடலில் எடுக்கும்போது காற்றுத்தான் முதல் எதிரி. ஒருவர் வலைத்துணிச் சட்டமொன்றைக் காற்று வரும் பக்கம் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். முழுத்துணியைப் பிடித்தால் பிடிப்பவரையே தூக்கிவிடும். ஆடிவேல் ஊர்வலம் போன்ற கூட்டத்தில் பின்னோக்கி நடக்கும்போது உங்கள் இடுப்புப் பட்டியில் கைவைத்து வழிகாட்ட ஒருவர் கட்டாயம் தேவை. திருமண வீட்டில் அந்த வேலையை மாப்பிள்ளையின் மச்சானிடம் கொடுத்துவிட்டுப் படியில் விழுந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

பற்றரியைப் பற்றியும் ஒரு சொல்: வேலையில்லாத வாரங்களில் முழுமையாக ஏற்றியோ முற்றாக வெறுமையாக்கியோ வைக்காமல், பாதியளவில் வையுங்கள். சென்னைக்குக் கருவியுடன் போவதானால் லித்தியம் பற்றரிகள் கைப்பையில்தான் போகலாம், சரக்குப் பொதியில் அல்ல. 100 வற்-மணிக்குக் குறைந்தவற்றுக்குப் பொதுவாகத் தடையில்லை, 100 தொடக்கம் 160 வரையானவற்றுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை, அதுவும் உதிரியாக இரண்டு மாத்திரமே. முனைகளை நாடாவால் மூடுங்கள்.


மரைன்_டிரைவ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுவதும் இதிலேயே கழிந்தது.

சத்தம் கையிலிருந்து வரவில்லை. ஒலிப்பெட்டி அண்ணா சொன்னது போல வெஸ்டின் இடப்பக்கக் கொக்கி. பட்டியைக் கழுவி நிழலில் உலர்த்திய பிறகு நின்றுவிட்டது. பற்றரியை அரை அங்குலம் உள்ளே தள்ளிக் கமராவைப் பின்தள்ளியதும் சுழற்றும்போது தண்டு ஆடாமல் நிற்கிறது. மூன்று மாதமாக அடிவானத்தைக் கணினியில் நிமிர்த்திக்கொண்டிருந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. முன்னால் ஓடுவது, இடுப்புப் பட்டியை இறுக்கி நிமிர்ந்து நின்றவுடனேயே பெரும்பாலும் நின்றது. திருகைத் தொடவில்லை.

ஆனால் கிம்பல் சோதனையில் தோற்றுவிட்டேன். ஒரு திசையில் நேராக நிற்கும் தண்டு, பாதிச் சுற்றுத் திருப்பினால் சற்றுச் சாய்கிறது. அத்துடன் பாரமில்லாமல் விரலால் சுழற்றும்போது ஓரிடத்தில் மணல் அரைபடுவது போல உணர்கிறேன். பஞ்சிகாவத்தையில் அதே அளவிலான பெயாரிங்கைத் தேடி வாங்கி நானே மாற்றலாமா? அல்லது இதையெல்லாம் விற்றுவிட்டு, கமராவை மோட்டர்களால் நிலைப்படுத்தும் மோட்டர் கிம்பல் ஒன்றை வாங்குவதுதான் புத்திசாலித்தனமா? தயாரிப்பு விவரம் கேட்டீர்கள்: தண்டும் கிம்பலும் அமெரிக்கத் தயாரிப்பு, வெஸ்ட் மாத்திரம் சீனப் பிரதி.


தெஹிவளை_பட்டறை எழுதியது:

வாடகைக் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. ஆகவே இந்தக் கேள்வி என் பக்கத்தது.

பஞ்சிகாவத்தையில் கிடைக்காத பெயாரிங் இல்லை என்பார்கள், அது பெருமளவுக்கு உண்மையும்கூட. ஆனால் வான் சில்லுக்குப் போடும் பெயாரிங்குக்கும் கிம்பலுக்குப் போடும் பெயாரிங்குக்கும் உள்ள வேறுபாடு அளவில் இல்லை, நுண்மையிலும் உள்ளே இருக்கும் மசகிலும் இருக்கிறது. தடித்த கிரீஸ் நிரப்பிய, இரு பக்கமும் இரப்பர் மூடியுள்ள பெயாரிங் கிம்பலில் பொருந்தும், சுழலவும் செய்யும். ஆனால் தொடக்கத்தில் ஒரு சிறு தயக்கம் இருக்கும், அந்தத் தயக்கம் ஒவ்வொரு மெதுவான திருப்பத்திலும் படத்தில் தெரியும். அதற்கும் மேலாக, கழற்றிப் பூட்டிய கிம்பலை மறுபடி மையப்படுத்துவது தனிக்கலை. உங்களிடம் இப்போதே மையம் விலகியிருப்பதால், முன்னைய உரிமையாளர் ஒருமுறை கழற்றியிருப்பார் என்பது என் ஊகம். தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற திருத்துநருக்கு கிம்பலை மாத்திரம் அனுப்புங்கள். முழுத் தொகுதியையும் அனுப்பிச் செலவை ஏற்றவேண்டாம்.

அமெரிக்கத் தயாரிப்பு என்றதால் இதையும் சொல்ல வேண்டும்: அதன் திருகுகள் அங்குல அளவுடையவை. இங்கே எல்லோரிடமும் இருக்கும் மில்லிமீற்றர் அலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி) அவற்றில் ஏறத்தாழப் பொருந்துவது போலத் தோன்றும், திருகும்போது மூலைகளை உருட்டிவிடும். எங்களிடம் வரும் பழைய தொகுதிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இப்படி உருண்ட திருகுகளைக் காண்கிறேன். வெஸ்டுக்கு ஒரு பெட்டி, தண்டுக்கு ஒரு பெட்டி என இரண்டு கீ தொகுதிகளை வெவ்வேறு நிற நாடா சுற்றி வையுங்கள். கார்பன் தண்டின் பிடிகளையும் அளவுக்கு மிஞ்சி இறுக்கவேண்டாம். அது துருப்பிடிக்காது, ஆனால் நசுங்கும்.

கையின் ஸ்பிரிங் உறைகளை ஒருபோதும் வீட்டில் திறக்காதீர்கள். பாரம் மாட்டாதபோதும் அவை இழுவையிலேயே இருக்கின்றன. விரலை உடைக்கப் போதுமான இழுவை அது.

உப்பைப் பற்றி: கடற்கரையில் எடுத்த நாளன்று இரவே, எவ்வளவு களைப்பானாலும், நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உடனே உலர்துணியால் மறுபடி துடையுங்கள். ஈரத்துணியே கூடாது என்று சொல்பவர்களும் இத்தொழிலில் இருக்கிறார்கள்; உலர்துணி உப்பைக் கரைக்காது, தேய்த்துப் பரப்பும் என்பது என் அனுபவம். பெயாரிங் பக்கம் மாத்திரம் ஈரம் வேண்டாம். அமுக்கிய காற்றையும் அங்கே அடிக்காதீர்கள், வெளியில் நிற்கும் மணலை அது உள்ளே தள்ளும். மணலுக்குச் சிறந்த மருந்து பழைய ஷேவிங் தூரிகை.

கொழும்பின் ஈரப்பதன் உப்பைவிட மெதுவாகக் கொல்லும். தென்மேற்குப் பருவமழைக் காலமான மே தொடக்கம் செப்தெம்பர் வரை, பெட்டியின் ஸ்பொஞ்ச் உறிஞ்சிய ஈரத்தைத் தானாக விடாது. பெட்டியை மூடி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு மாதக்கணக்கில் மறப்பதைவிட, உலர்ந்த அறையில் திறந்து வைப்பது மேல். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தாவிட்டால் அவை வெறும் மணற்பொதிகள்தாம். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறக்கியவுடன் பெட்டியைத் திறக்காமல், அரை மணித்தியாலம் வெளிச்சூட்டுக்குப் பழகவிடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸில் மட்டுமல்ல, கேபிள் இணைப்புகளுக்குள்ளும் நீர் பூக்கும். வெஸ்ட் மெத்தைகளைக் கழற்றி மெல்லிய சவர்க்காரத்தில் கழுவுவதைத்தான் ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள்.

மோட்டர் கிம்பலைப் பற்றி ஒரு வரி. அது சாய்வையும் திருப்பத்தையும் அழகாக அடக்கும், ஆனால் நீங்கள் அடியெடுத்து வைக்கும்போது கமரா மேலும் கீழும் போவதை அடக்காது. அதை அடக்குவது உங்கள் மார்புத் தகட்டிலிருந்து நீளும் அந்த ஸ்பிரிங் கைதான். விற்பதானால் கையை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்கலாம். என்னைக் கேட்டால் எதையும் விற்கவேண்டாம்.


கொட்டாஞ்சேனைக்_கிழவன் எழுதியது:

பட்டறைக்காரர் ஈரத்துணி என்கிறார். நான் முப்பது வருடமாக உலர்துணி. இதில் நாங்கள் இருவரும் சமாதானமாகப் போவதாக இல்லை.

தம்பி, கிம்பலை அனுப்புவதற்கு முன் ஒன்று. நீங்கள் சோதித்தபோது நிறுத்தத்தின் கம்பி செங்குத்தாக நின்றதா, கைப்பிடி அதில் ஆடாமல் இறுகியிருந்ததா என்று பார்த்தீர்களா? பாதிச் சுற்றின்போது கைப்பிடியும் சேர்ந்து சற்றுத் திரும்பியிருந்தால் சோதனையை நம்ப முடியாது. மணல் அரைபடும் உணர்வு உண்மையானதாக இருக்கலாம். மைய விலகல் அப்படியல்லாமல் இருக்கலாம். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிறகு கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவாருங்கள், முகவரியைத் தனிமடலில் அனுப்புகிறேன். என்னிடம் கனமான நிறுத்தமும் அங்குல அலன் கீ தொகுதியும் இருக்கின்றன. பற்றரியை மறந்துவிட்டு வராதீர்கள், அது இல்லாமல் சமநிலை பார்க்க முடியாது.


மரைன்_டிரைவ் எழுதியது:

கைப்பிடியை என் தம்பிதான் கையால் பிடித்துக்கொண்டிருந்தான், ஐயா. ஞாயிறு வருகிறேன்.